தலைச்சன் பிள்ளைக்கு அரிதான பெயர்: தேடலிலிருந்து சான்றிதழ் வரை முழுமையான வழிகாட்டி

எல்.கே.ஜி. வகுப்பு வாசலில் நின்று "கவின்" என்று கூப்பிட்டால் இரண்டு மூன்று தலைகள் திரும்பும். ஒரு காலத்தில் புதுமையாக ஒலித்த யாழினியும் மகிழனும் இன்று தெருவுக்கு ஒருவர். முதல் குழந்தையை எதிர்பார்த்திருப்பவர்கள் "யாருக்கும் இல்லாத பேரா வைக்கணும்" என்று தேடத் தொடங்குவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆனால் அந்தத் தேடலில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது, வேறு யாராவது இந்தப் பெயரை வைத்திருக்கிறார்களா என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது கடைசியில் பார்க்க வேண்டியது. பெயரை வைப்பவர்கள் இரண்டு பேர். பாட்டி, வகுப்பு ஆசிரியை, கூடப் படிக்கும் வாண்டுகள், வங்கிக் கவுண்டரில் இருப்பவர், வட இந்தியாவிலிருந்து போனில் பேசுபவர் என்று அதைக் கூப்பிடப் போகிறவர்கள் ஏராளம். இவர்கள் வாயிலெல்லாம் பிழைத்து வரும் பெயரா என்று பார்த்து வைத்தால் அரிய பெயர் பிள்ளைக்குப் பெருமை. இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டிய வேலை. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஏழாம் மாதத்துக்குள் இரண்டு பட்டியல்

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே ஆண் பெயர், பெண் பெயர் என இரண்டு பட்டியல் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஐந்து பெயருக்கு மேல் வேண்டாம். ஐம்பது பெயர் கொண்ட பட்டியல் என்பது இன்னும் முடிவெடுக்கவில்லை என்பதற்கு இன்னொரு பெயர்தான். மதி, எழில், சுடர், இசை, அன்பு மாதிரி இருபாலருக்கும் பொருந்தும் பெயர் என்றால் ஒரே பட்டியல் போதும். படிவங்களில் அவ்வப்போது பாலினம் மாறி விழும் என்பதை மட்டும் இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள்.

"பிறந்த பிறகு முகத்தைப் பார்த்து வைக்கலாம்" என்பது கேட்க நன்றாக இருக்கும். பிறந்த பிறகு நீங்கள் பார்க்கப்போவது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அழும் ஒரு முகத்தை. நிதானமாக யோசிக்க நேரம் இருப்பது அதற்கு முன்னால்தான்.

வளைகாப்பில் பெயரை வெளியே விடாதீர்கள். சொன்ன மறுநிமிஷம் "அந்தப் பேர்ல எங்க ஊர்ல ஒரு குடிகாரன் இருந்தான்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் உங்களுக்கு அந்தக் குடிகாரன்தான் நினைவுக்கு வருவான். பிறந்த குழந்தையின் பெயரைக் குறை சொல்ல நம்மவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். பிறக்காத குழந்தையின் பெயர் என்றால் தயக்கமே இருக்காது.

படி 2: எங்கே தேடுவது

குழந்தைப் பெயர் இணையதளங்களை எட்டிப் பார்க்கலாம், நம்ப வேண்டாம். வாயில் வந்த நாலு ஒலியைச் சேர்த்து ஒரு பெயர் செய்து, பக்கத்தில் "சூரியனின் ஒளி", "வெற்றியாளன்", "லட்சுமி" என்று ஏதாவது ஒரு பொருளை ஒட்டி வைத்திருப்பார்கள். ஷ், ஸ்வின், ஷிகா என்று முடிகிற பலவும் இந்த ரகம். இவற்றில் தனித்துவமும் இல்லை. எல்லோரும் ஒரே ஓசையில் புதுமை தேடுவதால் ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் பெயர் ஒன்றுபோலவே கேட்கிறது.

புதிதாகச் செய்த பெயரைவிட மறந்துபோன பெயர் மேல் என்பது என் கட்சி. அதற்குப் பொருள் இருக்கிறது, ஊர் இருக்கிறது, யாரோ அந்தப் பெயரோடு வாழ்ந்திருக்கிறார்கள். பிள்ளை வளர்ந்து "எனக்கு ஏன் இந்தப் பேரு?" என்று கேட்டால் சொல்ல ஒரு கதையும் இருக்கும்.

சங்கப் புலவர்களிலிருந்து தொடங்கலாம். பெண்பாற் புலவர்கள் என்றால் ஔவையாரோடு நிற்க வேண்டியதில்லை. அள்ளூர் நன்முல்லையார், வெள்ளிவீதியார், ஆதிமந்தியார், குறமகள் இளவெயினி, ஒக்கூர் மாசாத்தியார் என்று பலர் இருக்கிறார்கள். நன்முல்லை, இளவெயினி இரண்டும் இன்றைக்கே ஒரு குழந்தைக்கு வைக்கத் தயாராக இருக்கும் பெயர்கள். கீழடிப் பானை ஓட்டில் கிடைத்த ஆதன் என்ற பெயரும் அப்படித்தான். இரண்டாயிரம் ஆண்டு பழையது, நேற்றுச் செய்தது மாதிரி கேட்கிறது.

அடுத்து பூக்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார். முல்லை, தாமரை, குறிஞ்சி எல்லாருக்கும் தெரிந்தவை. மௌவல், தளவம், அதிரல், ஞாழல், வானி ஆகியவற்றை வைத்தவர்கள் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள், அதே வரிசையில் குளவியும் உண்டு. அன்றைக்கு அது மலையில் மணக்கும் பூ. இன்றைக்கு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

கல்வெட்டுகள் பக்கம் வருகிறவர்கள் குறைவு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடல் பாடல் பணி செய்த பெண்கள்) 400 பேரின் பெயர்களையும் ஊரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சாதாரணப் பெண்களின் பெயர்ப் பட்டியல் இவ்வளவு நீளமாகக் கிடைப்பது பெரிய விஷயம். சேரமங்கை, பரவை, தில்லையழகி, எடுத்தபாதம் எல்லாம் அதில் வருகின்றன. எடுத்தபாதம் நடராசரின் தூக்கிய திருவடி. நினைக்க அழகு, கூப்பிடக் கஷ்டம். பரவை சுந்தரரின் மனைவி பெயரும்கூட, பொருள் கடல். ஆனால் கேட்கிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் அதைப் பறவை என்றே எழுதுவார்கள்.

நம் மண்ணில் வெளியூர்ப் பெயர்களுக்கும் இடம் இருந்திருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். மதுரை, ராமநாதபுரம் பக்கம் போஸ் என்ற பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொல்லி முடியாது. 1953 மார்ச் 1-இல் பிறந்த குழந்தைக்கு, அதே வாரம் மறைந்த சோவியத் தலைவரின் பெயரை வைத்தார் கருணாநிதி. அன்று விநோதமாக இருந்திருக்கும்; இன்று ஸ்டாலின் என்றால் யாரும் புருவத்தைத் தூக்குவதில்லை. நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், இராமையா அன்பழகனாகவும் மாறியபோது அந்தப் பெயர்களும் அரிதானவைதான். அரிது என்பதற்கு ஆயுள் குறைவு. உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் அதே பெயரில் இன்னும் நாலு பேர் வந்தால் வருத்தப்படாதீர்கள்.

பிடித்த சொல்லை எடுத்ததும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. ஒரே சொல்லுக்கு ஏழெட்டுப் பொருள் இருக்கும். நீங்கள் நினைத்தது முதலாவது என்றால், பிள்ளையை வம்புக்கு இழுப்பது ஆறாவதாக இருக்கும்.

படி 3: காதால் சோதிப்பது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கடையெழு வள்ளல்களையே எடுத்துக்கொள்வோம். பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. ஏழு பேரும் பெருமைக்குரியவர்கள். எத்தனை பேரை இன்றைய எல்.கே.ஜி.க்கு அனுப்பலாம்?

ஆய் முதல் நாளே அவுட். பொதிய மலைத் தலைவன் என்று நீங்கள் விளக்குவதற்குள் வகுப்பே சிரித்து முடித்திருக்கும். காரி என்றதும் துப்புகிற ஞாபகம் வரும். நள்ளியை நல்லி எலும்பு ஆக்கிவிடுவார்கள். பேகன் கொஞ்சம் தேறும். மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் 'பேக்கு' என்ற வசவு மிகப் பக்கத்தில் இருக்கிறது. அதியமான் நன்று, அரிதும் அல்ல, ரொம்பப் புழக்கமும் அல்ல. பாரி நல்ல பெயர், இப்போது கொஞ்சம் பரவிவிட்டது. ஓரிதான் என் தேர்வு. இரண்டே எழுத்து, எந்த வாயிலும் உடையாது, கொல்லிமலையில் இன்றும் ஆண்டுதோறும் அவன் பெயரில் விழா எடுக்கிறார்கள்.

சாத்தனையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் தமிழகத்தில் மிகச் சாதாரணமான பெயர் அது. எகிப்தின் செங்கடல் துறைமுகம் ஒன்றில் கிடைத்த பானை ஓட்டில்கூட இருக்கிறது. இன்று வைத்தால் சாத்தான் என்றுதான் காதில் விழும். வரலாற்றில் எவ்வளவு பெருமை இருந்தாலும் விளையாட்டு மைதானத்தில் அது செல்லாது.

உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் இப்படிச் சோதியுங்கள். மாடியிலிருந்து தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் உரக்கக் கூப்பிடுங்கள். நம் பேச்சில் மெய்யெழுத்தில் முடியும் பெயருக்குப் பின்னால் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். மௌவல் வீட்டில் 'மௌவலு' ஆகிவிடும். அது உங்களுக்குச் சரியா? கோபத்தில் கூப்பிட்டுப் பாருங்கள். சுருக்கிக் கூப்பிட்டுப் பாருங்கள், ஏனென்றால் நீங்கள் சுருக்காவிட்டாலும் பிள்ளைகள் சுருக்குவார்கள். நன்முல்லை முல்லை ஆனால் நல்லது, 'நன்மு' ஆனாலும் தாங்கலாம்.

அப்புறம் வீட்டிலேயே வயதான ஒருவரிடம், போனில், ஒரே ஒரு முறை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னதுதான் ஊர் கூப்பிடப்போகும் பெயர். ழகரம் பல ஊர்களில் ளகரமாகும், சில இடங்களில் யகரமாகவும் ஆகும். ஞாழல் 'ஞாளலு' ஆனால் பரவாயில்லை என்று தோன்றினால் வையுங்கள். திருத்திக்கொண்டே இருப்பேன் என்றால் வேண்டாம், களைத்துப்போவீர்கள்.

கடைசியாக எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் "இந்தப் பேர்ல ஒருத்தன் உன் கிளாஸ்ல சேர்ந்தா எப்படிக் கிண்டல் பண்ணுவே?" என்று கேளுங்கள். இதைவிடக் கறாரான பரிசோதகர் கிடைக்கமாட்டார்.

படி 4: குடும்பத்தோடு ஒப்பந்தம்

தலைச்சன் பிள்ளை என்றால் தாத்தா பெயரோ குலசாமி பெயரோ வைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பல வீடுகளில் உண்டு. அதோடு ஜோசியர் கொடுக்கும் நட்சத்திர எழுத்து. ஆயில்யம் என்றால் டி, டு, டே, டோ என்பார்கள். தமிழ்ச் சொல் டகரத்தில் தொடங்காது என்பது இலக்கணம். அந்த எழுத்தில் நல்ல தமிழ்ப்பெயர் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

இதற்கு நம் ஊரிலேயே பழைய தீர்வு ஒன்று இருக்கிறது: காதில் சொல்லும் பெயர் வேறு, பள்ளிக்கூடப் பெயர் வேறு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்ற வழக்கம் இருந்த வீடுகளில், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு அம்மா மட்டும் வேறு செல்லப்பெயரில் கூப்பிட்டிருக்கிறார். அதே வழிதான். பெயர் சூட்டும் நாளில் தொட்டிலருகே மூன்று முறை காதில் சொல்வது தாத்தா பெயராகவோ நட்சத்திர எழுத்துப் பெயராகவோ இருக்கட்டும். பதிவேட்டில் ஏறுவது உங்கள் பெயர். இதைச் சூட்டுவிழாவுக்கு முன்பே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். அத்தை மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் விவாதிக்க வேண்டாம்.

எண் கணிதம் பார்த்து ஓர் எழுத்தை இரட்டிப்பது பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. வீட்டில் விடமாட்டார்கள் என்றால் சான்றிதழ் எழுதுவதற்கு முன்பே பார்த்து முடித்துவிடுங்கள். சான்றிதழில் ஒரு எழுத்து, பள்ளியில் இரண்டு எழுத்து என்று போனால் சிக்கல் வருவது எண்ணால் அல்ல, குமாஸ்தாவால்.

"பேரு புரியவே இல்லையே" என்று முகம் சுளிக்கிற உறவினர்களுக்கு ஒரு தகவல். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், பிச்சை என்று பெயர் வைத்ததும், பெண்ணாகவே பிறக்கிறது என்று போதும்பொண்ணு, வேண்டாம் என்று வைத்ததும் இதே ஊர்தான். அந்தப் பெண்களில் பலர் அந்தப் பெயரையே சுமந்துகொண்டு படித்து வேலைக்கும் போயிருக்கிறார்கள். அதைப் பொறுத்துக்கொண்டவர்கள் மௌவலைப் பொறுத்துக்கொள்ளமாட்டார்களா?

படி 5: ஆங்கில எழுத்து

பெயர் தமிழில் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிள்ளை வாழப்போவது பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளில். ழகரத்துக்கு இசட், எச் போடுவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், வெளியே யாருக்கும் தெரியாது. யாழினி டில்லிக்குப் போனால் 'யாஸ்ஹினி' ஆவாள். அதற்காக ழகரத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரே பெயரில் இரண்டு ழகரமோ, ழகரமும் ஞகரமும் சேர்ந்தோ வந்தால் மட்டும் யோசியுங்கள்.

நெடிலுக்கு ஒரு 'ஏ'யா இரண்டு 'ஏ'யா என்பதும் முக்கியம். பாரியை ஒரே 'ஏ' போட்டு எழுதினால் வடக்கே அது 'பரீ', தேவதை, பெண் பெயர். உங்கள் பையனுக்கு ஆயுள் முழுக்க 'மேடம்' என்று போன் வரும். ஆதனை ஒரு 'ஏ' போட்டு எழுதினால் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பைக் குறிக்கும் சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வந்துவிடும். தவறில்லை, ஆனால் தெரிந்து செய்யுங்கள். தேர்ந்த எழுத்துக்கூட்டலை ஒருமுறை இணையத்தில் தேடி வேறு மொழியில் என்ன பொருள் என்று பார்த்துவிடுங்கள். பிறகு அதை ஒரு தாளில் எழுதி, இருவரும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கேட்கும்போது அப்பா ஒரு மாதிரி, மாமா ஒரு மாதிரி சொல்வது வழக்கம்.

படி 6: இனிஷியல்

பெயரைத் தனியாக ரசித்துவிட்டு இனிஷியலோடு சேர்த்துப் படிக்க மறந்துவிடுவார்கள். அப்பா மூர்த்தி, பெண் தேவி என்றால் தமிழில் 'மூ. தேவி'. அப்பா குமார், பையன் ரங்கன் என்றால் 'கு. ரங்கன்'. பள்ளி வருகைப்பதிவில் இதைத் தினமும் உரக்கப் படிப்பார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதிப் பாருங்கள். அப்பாவின் எழுத்து ஒத்துவரவில்லை என்றால் அம்மாவின் எழுத்தையும் சேர்க்கலாம்; இப்போது பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

வெளிநாடு போகும் வாய்ப்பு இருந்தால் இனிஷியலின் விரிவையும் இப்போதே யோசியுங்கள். பாஸ்போர்ட்டில் பெயருக்கு ஓர் இடம், குடும்பப் பெயருக்கு ஓர் இடம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் அப்பா பெயரோ அம்மா பெயரோ அங்கே போகும். அதைக் காலியாக விட்டால் தொல்லை வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது மாட்டிக்கொண்டவர்களில் நம் ஆட்கள் நிறைய. ஆகவே பிள்ளையின் பெயருக்குப் பின்னால் வரப்போகும் பெயரோடும் சேர்த்து ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வெளிநாட்டு ஆசிரியர் உங்கள் மகளை உங்கள் பெயரால் கூப்பிடும் வாய்ப்பு அதிகம்.

படி 7: பதிவேடு

பிரசவத்துக்கு முன்பே பிக்மி எண் வாங்கியிருக்க வேண்டும். பிறப்பைப் பதிய அதைக் கேட்பார்கள். கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கர்ப்பத்தைப் பதிந்தால் கிடைக்கும். தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் இது தேவை.

பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். இங்கே பலர் பதறும் இடம், பெயர்க் கட்டம். டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் படிவத்தோடு வந்து "குழந்தை பேரு?" என்று கேட்டால் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று நினைத்து வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். ஓர் ஆண்டுக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது, அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அதற்காக ஓர் ஆண்டு இழுக்கவும் வேண்டாம். ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் அதற்குள் நிற்கும். சூட்டுவிழா முடிந்த வாரமே சேர்த்துவிடுவது நல்லது.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். முன்பெல்லாம் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று இருந்தாலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் காப்பாற்றிவிடும். இப்போது அந்த வசதி இல்லை. சான்றிதழில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் இருக்கும். இரண்டையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அரிய பெயர் என்றால் தட்டச்சு செய்பவர் தனக்குத் தெரிந்த பெயராகத் "திருத்தி" விடும் ஆபத்து உண்டு. நன்முல்லை நல்முல்லை ஆகும், ஓரி ஹரி ஆகும். வாயால் சொல்லாமல் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்த வழி இருக்கிறது. பெயரையே மாற்றுவது பெரிய அலைச்சல். பெற்றோர் பெயரும் உங்கள் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது குழந்தை ஆதார். ஐந்து வயதுவரை கைரேகை, கருவிழி எடுக்கமாட்டார்கள். ஐந்திலும் பதினைந்திலும் எடுப்பார்கள். சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலே இங்கும் வர வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அந்த இரண்டையும் பிள்ளை வளர்ந்த பிறகு தன் விருப்பத்துக்குப் பயன்படுத்த விட்டுவையுங்கள். பதிவு மையத்தில் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள். குழந்தை அழுதாலும் பரவாயில்லை, முழுதாகப் படித்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள்.